மெடிக்கல் காலேஜில் ஹெல்த் சைக்காலஜி இன்டர்ன்ஷிப்: பணம் கட்டிச் சேரலாமா, லெட்டருக்குக் காத்திருக்கலாமா?

கொழிஞ்சை கயல்:
வணக்கம். ஊர் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம், மலையாளமும் தெரியும். இப்போது கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருடம். ஒரு மாத இன்டர்ன்ஷிப் போய் வந்தால்தான் மார்க் போடுவார்கள். மனநல வார்டை மட்டும் பார்த்துவிட்டு வர எனக்கு மனசில்லை. டயாலிசிஸ், கேன்சர், சர்க்கரைப் புண் என்று உடம்பு நோயோடு மாசக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்களிடம் ஒரு சைக்காலஜிஸ்ட் போய் என்னதான் செய்கிறார் என்று பார்க்க வேண்டும்.

கையில் இரண்டு வழி இருக்கிறது. எர்ணாகுளம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஃபீஸ் கட்டினால் உடனே இடம், கடைசி நாள் சர்டிஃபிகேட். இன்னொன்று ஒரு மெடிக்கல் காலேஜ். அங்கே ஃபீஸ் கிடையாது, ஆனால் ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) "காலேஜ் லெட்டர் கொண்டு வா, பார்க்கலாம்" என்பதோடு சரி. அப்பா முதலாவதில் பணத்தைக் கட்டிவிடு என்கிறார்.

சீனியர் அக்கா ஒருத்தர் சொல்கிறார், அமெரிக்காவில் இன்டர்ன்ஷிப் ஒரு வருடமாம், சம்பளமும் உண்டாம். நமக்கு மட்டும் ஏன் காசு கட்டி நிற்கிற நிலைமை? அப்புறம் எம்.எஸ்சி.க்கு மேல் படிக்கிற எம்.ஃபில்.லையே எடுத்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

குப்பம் குமரன்:
காசு கட்டாதே தங்கச்சி. நான் கட்டிப் பார்த்தவன். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். ரெக்கார்டு ரூமில் உட்கார வைத்துப் பழைய கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். ஓ.பி.க்குள் கூப்பிட்டது தமிழ் பேசுகிற நோயாளி வந்தால் மட்டும். எங்கள் குப்பம் பக்கம் ஒரே வீட்டில் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் ஓடும், அதனால் என்னை விட்டால் ஆள் இல்லை. டாக்டர் கேட்பதை அங்கே சொல்வது, அங்கே சொல்வதை இங்கே சொல்வது, அதுதான் வேலை. "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சர்டிஃபிகேட்டில் மட்டும் சைக்கோதெரபியில் பயிற்சி பெற்றவன் என்று அடித்துக் கொடுத்தார்கள்.

பார்டர் பாண்டி:
இதெல்லாம் படித்து முடித்தால் சம்பளம் எவ்வளவு வரும், முதலில் அதைச் சொல்லுங்கள் யாராவது.

மூடுபனி தேவிகுளம்:
பாண்டி அண்ணா, வேறு இழையில் அடித்துக்கொள்வோம். இங்கே கயலுக்குப் பதில்.

நான் எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவள், பெங்களூரில் எம்.ஃபில். முடித்து, இப்போது கேரளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். கயல், உன் ஒரு மாத இன்டர்ன்ஷிப், எம்.ஃபில்., அமெரிக்க இன்டர்ன்ஷிப் என்று நீ ஒப்பிடுகிற மூன்றும் ஒரே படியில் இல்லை. எம்.எஸ்சி.யில் ஒரு மாதம் போவது, கோபித்துக்கொள்ளாதே, ஓரமாக நின்று பார்க்கப் போவது. அதில் யாரும் உன்னைத் தெரபிஸ்ட் ஆக்க முடியாது, ஆக்குகிறேன் என்று சொல்கிற இடத்தில் சேராதே.

உண்மையான பயிற்சி எம்.ஃபில்.லில்தான் நடந்தது. இரண்டு வருடம், முழு நேரம். காலையில் ஓ.பி.யில் கேஸ் ஒர்க்கப், அப்புறம் வார்டு ரவுண்ட்ஸ், சாயந்திரம் கேஸ் பிரசென்டேஷனில் எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொள்வது. 1954இல் பெங்களூரில் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனம் அடுத்த வருடமே இதற்கான டிப்ளமோவை ஆரம்பித்தது. அந்த நிறுவனமும் பழைய மனநல மருத்துவமனையும் 1974இல் சேர்ந்துதான் நிம்ஹான்ஸ். அந்த டிப்ளமோதான் பிற்பாடு எம்.ஃபில். ஆனது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் யாரைக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று ஒப்புக்கொள்கிறது என்று படித்துப் பார், மேற்பார்வையோடு கூடிய பயிற்சி, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் இரண்டும் அதிலேயே எழுதியிருக்கிறது.

எம்.ஃபில்.லை எடுத்தது உண்மை. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிகளில் எல்லாப் பாடத்துக்கும் நிறுத்தியது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்குக்கும் மட்டும் 2025-26 சேர்க்கை வரை விட்டுவைத்தது. அதற்குப் பிறகு என்ன என்பதற்கு வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பாதே. ஆர்.சி.ஐ. தளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிப் பட்டியல் இருக்கும், அதில் இல்லாத இடத்தில் ஒரு ரூபாய் கட்டாதே.

உன் இரண்டு ஆஸ்பத்திரியையும் பற்றி நான் கேட்பது ஒன்றுதான். வாரத்தில் எத்தனை மணி நேரம், யார் உன்னோடு உட்கார்ந்து நீ பார்த்த கேஸைப் பேசப் போகிறார்? அவருக்கு ஆர்.சி.ஐ. பதிவு எண் உண்டா? பெரிய பெயருள்ள ஆஸ்பத்திரியாக இருந்து இதற்குப் பதில் இல்லை என்றால், பஸ் செலவுகூட தண்டம்.

கொழிஞ்சை கயல்:
அக்கா, ஃபீஸ் வாங்குகிற இடத்துக்குப் போன் செய்து அப்படியே கேட்டேன். "சூப்பர்விஷன் எல்லாம் இருக்கும், முதலில் அட்வான்ஸ் கட்டுங்கள்" என்றார்கள். யார் என்று இரண்டு தடவை கேட்டும் பெயர் வரவில்லை.

குப்பம் குமரன்:
அப்புறம் என்ன, பதில் வந்துவிட்டதே.

வாளையார் டயாலிசிஸ்:
நான் சைக்காலஜி படித்தவன் இல்லை, டயாலிசிஸ் டெக்னீஷியன். எங்கள் யூனிட்டுக்கு இன்டர்ன் பிள்ளைகள் வருவார்கள், அதனால் சொல்கிறேன்.

பாதிப் பேர் வந்த உடனே நோயாளி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு "எப்படி ஃபீல் பண்றீங்க?" என்று ஆரம்பிப்பார்கள். அப்போதுதான் ஊசி குத்தி லைன் மாட்டிக்கொண்டிருப்போம், அவருக்கு எங்கே பேச்சு வரும்? நான்கு மணி நேர ஓட்டத்தில் முதல் அரை மணி எங்களுடையது. கடைசி ஒரு மணியில் பி.பி. இறங்கும், காலில் பிடிப்பு வரும், அப்போதும் பேசக் கூடாது. நடுவில் இருக்கிற நேரம்தான் உங்களுடையது. ஃபிஸ்டுலா (ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்தது) போட்ட கை பக்கம் உட்காராதீர்கள், அந்தக் கையைப் பாசமாகப் பிடிக்கவும் செய்யாதீர்கள். அடுத்த படுக்கை மூன்றடியில் இருக்கிறது, திரை இழுத்தாலும் எல்லோருக்கும் காது கேட்கும். வீட்டு விஷயத்தை அங்கே கிளறினால் மனிதர் வாயைத் திறக்க மாட்டார்.

நன்றாகச் செய்த ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். எம்.ஃபில். டிரெய்னி. ஒருவர் ஒவ்வொரு திங்களும் உடம்பில் நீர் சேர்ந்து எடை எக்கச்சக்கமாக ஏறி வருவார். டாக்டர் திட்டுவார், நர்ஸ் திட்டுவார், நாங்களும் விட்டதில்லை. இந்தப் பெண் திட்டவே இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து எப்போதெல்லாம் தண்ணீர் வாய்க்குள் போகிறது என்று மட்டும் மணி வாரியாகக் கேட்டது. மனிதருக்குச் செங்கல் சூளையில் கணக்கு எழுதுகிற வேலை. வெயில் ஒரு பக்கம், ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு சொம்பு தண்ணீர் இன்னொரு பக்கம். சாப்பாட்டோடு போடக்கூடிய மாத்திரை எது என்று டாக்டரிடம் கேட்டு அவற்றைச் சோற்றோடு போடச் சொன்னது, காலையிலேயே அன்றைய தண்ணீரை ஒரே பாட்டிலில் அளந்து வைக்கச் சொன்னது, ஊறுகாயைக் குறைக்க அவர் சம்சாரத்தோடும் பேசியது. எடை ஒரேயடியாக இறங்கிவிடவில்லை, ஆனால் திங்கள்கிழமை அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவது நின்றது. இதற்கு சைக்காலஜி எதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எங்களில் யாரும் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நகரி நெசவு:
எல்லோரும் பயிற்சி கொடுக்கிற பக்கமிருந்தே பேசுகிறீர்கள். நான் படுத்துக் கிடந்தவர்களின் பக்கம். என் அம்மாவுக்குச் சர்க்கரையில் காலை எடுத்தபோது சித்தூர் ஜில்லாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தோம். வாரத்துக்கு ஒரு புதுப் பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு வரும். எத்தனை வருடமாகச் சர்க்கரை, வீட்டில் யார் யார், கால் போனது மனசுக்கு எப்படி இருக்கிறது என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். அம்மா அழுவார். பிள்ளை எழுதிக்கொண்டு போய்விடும். அடுத்த வாரம் வேறு பிள்ளை, அதே கேள்வி, அதே அழுகை. கடைசியில் அம்மாவே, "அந்தப் பொண்ணு வந்தா நான் தூங்கறேன்னு சொல்லுடா" என்றார். உங்கள் படிப்புக்கு எங்கள் வீட்டுக் கண்ணீர் எதற்கு?

மூடுபனி தேவிகுளம்:
நியாயமான கேள்வி, அம்மாவிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள். அது அந்தப் பிள்ளைகளின் தப்பைவிட அவர்களை அனுப்பிய மேற்பார்வையாளரின் தப்பு. நான் பயிற்றுவிக்கிற இடத்தில் வழக்கம் இது: போனவுடன் "நான் பயிற்சியில் இருப்பவள், இன்னார் மேற்பார்வையில் வந்திருக்கிறேன், உங்களுக்கு விருப்பமில்லை என்றால் பேச வேண்டாம், வைத்தியத்தில் ஒரு குறையும் வராது" என்று சொல்ல வேண்டும். கதை ஏற்கெனவே கேஸ் ஷீட்டில் இருந்தால் அதைப் படித்துவிட்டுத்தான் கட்டில் பக்கம் போக வேண்டும். விட்டுப் போகிறவர் அடுத்து வருகிறவரைக் கூட்டிக்கொண்டு போய் நேரில் அறிமுகம் செய்ய வேண்டும். ஒரு மாத இன்டர்ன் நோயாளியின் துக்கத்தைத் தனியாகத் திறக்கவே கூடாது, மூடி வைக்கிற நாள் அவள் அங்கே இருக்க மாட்டாள்.

கயல், இன்னொன்று. விஷம் குடித்துப் பிழைத்தவரையோ, சாக வேண்டும் என்று சொல்கிறவரையோ தனியாகப் போய்ப் பார் என்று யாராவது சொன்னால், முடியாது சார் என்று நேராகச் சொல்லிவிடு. அது அடக்கமின்மை இல்லை.

வண்டித்தாவளம் ராணி:
கண்ணு கயல், உங்க ஊர்ப் பக்கமே வழி இருக்கும்போது எர்ணாகுளம் எதற்குப் போகிறாய்? தீராத நோயில் படுத்திருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற பஞ்சாயத்து பாலியேட்டிவ் ஹோம் கேர் வண்டியில் ஒரு வாரம் ஏறிப் பார். 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சங்கமாக ஆரம்பித்தது. 2008இல் அரசே பாலியேட்டிவ் கொள்கை கொண்டுவந்த பிறகு கேரளத்தில் பஞ்சாயத்துதோறும் நர்ஸ் வீட்டுக்கே போகிறார். நான் வாலண்டியராகக் கூடப் போகிறவள்.

வாசலிலேயே மகன் வந்து கையைப் பிடித்துக்கொள்வான், "அம்மாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க." உள்ளே போனால் அந்த அம்மா என்னிடம் மெதுவாக, "எனக்குத் தெரியும், பையன்கிட்ட சொல்லிடாதே, தாங்க மாட்டான்" என்பார். நடுவில் நாம் நிற்க வேண்டும். பொய்யும் சொல்லாமல், போட்டும் உடைக்காமல், அந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் பேச வைக்க எங்கள் நர்ஸ் அக்காவுக்குத் தெரியும். அதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியுமா என்று சந்தேகம்தான்.

சித்தூர் டெக்சாஸ்:
அமெரிக்கக் கதையை நான் சொல்கிறேன். (நான் ஆந்திரச் சித்தூர். பாலக்காட்டுச் சித்தூர்க்காரர்கள் ஏற்கெனவே இரண்டு பேர் எனக்குத் தனி மடலில் சொந்தம் கொண்டாடிவிட்டார்கள்.)

இங்கே இன்டர்ன்ஷிப் என்பது சைக்காலஜியில் பிஹெச்.டி. அல்லது சை.டி. என்கிற டாக்டர் பட்டப் படிப்பின் கடைசிப் படி. அதை முடிக்காமல் பட்டம் கிடையாது. முழு நேரம் ஒரு வருடம், பெரும்பாலும் 2000 மணி நேரம். அதற்கு முன்பே நான்கைந்து வருடம் வகுப்பும் பிராக்டிகம் என்கிற களப்பயிற்சியும் முடிந்திருக்கும். கயலின் ஒரு மாதத்தோடு இதை வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. இடம் பிடிப்பது ஆப்பிக் என்கிற அமைப்பின் மேட்ச் வழியாக. நாம் ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்துவோம், அவர்கள் நம்மை வரிசைப்படுத்துவார்கள், கம்ப்யூட்டர் முடிச்சுப் போடும். முடிச்சு விழுந்தால் இரு பக்கமும் மறுக்க முடியாது. ஊர் பெயர் தெரியாத மாநிலத்துக்குப் பெட்டி கட்ட வேண்டி வரும்.

ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) அங்கீகாரம் உள்ள இடத்தில் வாரத்துக்குக் குறைந்தது 4 மணி நேர சூப்பர்விஷன், அதில் 2 மணி நேரம் தனியாக. தேவிகுளம் அக்கா கேட்கச் சொன்ன அதே கேள்விக்கு இங்கே எழுத்திலேயே பதில் இருக்கும், பெரிய வித்தியாசம் அதுதான். சம்பளம் உண்டு, வாடகை போக மிஞ்சாது. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது: முன்னாள் ராணுவத்தினருக்கான வி.ஏ. மருத்துவமனைகளில் இடம் ஏராளம், ஆனால் குடியுரிமை இல்லாமல் சேர முடியாது. முழு நேர சி.பி.டி.யில் (படிக்கும்போதே வேலை பார்க்க மாணவர் விசாவில் தரும் அனுமதி) 12 மாதம் ஓட்டினால் ஓ.பி.டி. (படிப்பு முடிந்த பிறகு வேலை பார்க்கிற அனுமதி) கைவிட்டுப் போகும். இரண்டையும் முன்னமே கணக்குப் போடுங்கள்.

நான் இருந்தது ஒரு பல்கலைக்கழக மெடிக்கல் சென்டர். சில மாதம் வலி கிளினிக், சில மாதம் கேன்சர், சில மாதம் ஈரல் மாற்று அறுவை. கடைசியாகச் சொன்னதில் அறுவைக்கு முன் சைக்காலஜிஸ்ட் பார்த்து எழுதுவார். குடியை எப்போது விட்டார், மாத்திரையை வேளை தவறாமல் போடுவாரா, ஆபரேஷன் முடிந்து வீட்டில் கூட இருந்து பார்ப்பது யார், என்ன செய்யப் போகிறார்கள் என்று அவருக்கே புரிந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். நோயாளி நம்மைப் போலீஸ்காரன் மாதிரிப் பார்ப்பார், உண்மையைச் சொன்னால் ஈரல் கிடைக்காது என்று பயம். என் சூப்பர்வைசர் முதல் வாரமே சொல்லிக் கொடுத்தது, "தகுதி இருக்கிறதா என்று எழுதாதே, தகுதியாக என்ன உதவி வேண்டும் என்று எழுது." இரண்டு மணி நேரப் பேட்டியை ஒன்றரைப் பக்கத்தில் சர்ஜன் படிக்கிற மாதிரி எழுதப் பழகியதுதான் அந்த வருடத்தின் பெரிய சம்பாத்தியம். சர்ஜன் முதல் நான்கு வரியைத் தாண்டிப் படிக்க மாட்டார்.

மூடுபனி தேவிகுளம்:
எல்லாம் சரி தம்பி, ஆனால் நம் ஊர் எம்.ஃபில். பிள்ளை ஓ.பி.யில் பார்க்கிற கூட்டத்தை உங்கள் இன்டர்ன் பார்த்திருக்க மாட்டார்.

சித்தூர் டெக்சாஸ்:
ஒப்புக்கொள்கிறேன் அக்கா. ஆனால் கூட்டத்தைப் பார்ப்பதும், பார்த்ததை ஒருத்தர் நம்மோடு உட்கார்ந்து அலசுவதும் வேறு வேறு. குமரன் அண்ணாவும் கூட்டத்தை நிறையப் பார்த்தவர்தானே?

குப்பம் குமரன்:
அப்படிப் போடு.

இழை மேற்பார்வை:
குறை சொல்லும்போது ஆஸ்பத்திரி பெயர், ஆள் பெயர் வேண்டாம். அப்படி வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். தொடருங்கள்.

கொழிஞ்சை கயல்:
குமரன் அண்ணா சொன்னது மனசில் அரிக்கிறது. மெடிக்கல் காலேஜில் என்னையும் தமிழ் நோயாளி வந்தால் மட்டும் கூப்பிட்டால் என்ன செய்வது? மறுக்கலாமா?

மூடுபனி தேவிகுளம்:
மறுக்காதே, விலை கேள். நோயாளிக்கு உன் தமிழ் தேவை. நீ இல்லை என்றால் கூடத் துணைக்கு வந்த மருமகள் மொழிபெயர்ப்பாள், மாமியார் "சாகலாம்னு இருக்கு" என்று சொன்னதை "டயர்டா இருக்காங்களாம்" என்று மாற்றிச் சொல்வாள். அதனால் போ. ஆனால் போகிற கேஸ் ஒவ்வொன்றுக்கும் பிறகு, "சார், இதைப் பத்து நிமிஷம் என்னோடு பேச முடியுமா?" என்று கேள். சொன்னதைச் சுருக்காமல், அழகுபடுத்தாமல், நோயாளி சொன்ன மாதிரியே சொல். தவிர்த்த கேள்வி, இழுத்த பதில், பார்த்த பார்வை எல்லாம் அப்புறம் தனியாகச் சொல். அந்தப் பத்து நிமிஷம் கிடைத்தால் அது பயிற்சி, கிடைக்காவிட்டால் குமரன் சொன்ன கூலி வேலை.

டெஸ்ட் விஷயத்திலும் உன் தமிழுக்கு வேலை இருக்கிறது. எங்கள் தேவிகுளம் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் தமிழ் மீடியம். ஊனச் சான்றிதழுக்கு அறிவுத்திறன் சோதனைக்கு வருகிறார்கள். சொல்வளம், பொது அறிவுக் கேள்விகளை மலையாளத்தில் கேட்டால் பிள்ளை முழிக்கும், மார்க் சரியும். செகுவின் ஃபார்ம் போர்டு, பாட்டியா பேட்டரி மாதிரி கையால் செய்கிற சோதனைகள் ஓரளவு கைகொடுக்கும், அதிலும் செய்முறையைப் பிள்ளைக்குப் புரிகிற பேச்சில் சொல்ல வேண்டும். 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டப்படி 40 சதவீத ஊனம் என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் பென்ஷனும் இட ஒதுக்கீடும் தொங்குகின்றன. எந்த மொழியில் சோதித்தோம் என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதாத டிரெய்னியின் ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

வலிப்பு நோய் பக்கமும் இதே கதைதான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவில் 1995 முதல் வலிப்புக்கு மூளை அறுவை செய்கிறார்கள், தென் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் போகிறார்கள். நினைவோடு சம்பந்தப்பட்ட டெம்போரல் லோப் என்கிற மூளைப் பகுதியைத் தொடுவதற்கு முன் நினைவுத்திறன் எந்த நிலையில் இருக்கிறது என்று அளந்தாக வேண்டும். இந்த மாதிரி இடத்தில் தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் வேறு மொழிச் சொற்பட்டியலைச் சொல்லி ஞாபகம் வைக்கச் சொன்னால், மறதி மூளையினாலா மொழியினாலா என்று பிரிக்க முடியாது. உன்னைப் போல தமிழ், மலையாளம் இரண்டும் வாய்க்கு வருகிறவர்கள் இந்தத் துறைக்கு வேண்டும். கான்டீனில் டீ வாங்கி வர அல்ல.

பார்டர் பாண்டி:
சரி, நான் கேட்டதைக் கொஞ்சம் மரியாதையாகக் கேட்கிறேன். என் தங்கை தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. சைக்காலஜி சேரலாம் என்றிருக்கிறாள். இந்த வழிக்கு வர முடியுமா?

மூடுபனி தேவிகுளம்:
வேண்டாம் அண்ணா. 2025இல் யு.ஜி.சி. சைக்காலஜியைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. இன்னமும் அட்மிஷன் போடுகிறோம் என்று யாராவது கூப்பிட்டால் ஏமாற வேண்டாம். ரெகுலர் காலேஜில் சேர்த்துவிடுங்கள்.

கொழிஞ்சை கயல்:
அப்பாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். டயாலிசிஸ் அண்ணா எழுதியதைக் கேட்டதும் பேசாமல் இருந்தார், அப்புறம் "அந்த மெடிக்கல் காலேஜுக்கே போ" என்று சொல்லிவிட்டார். ஹெச்.ஓ.டி.க்கு லெட்டரில் என்ன எழுதச் சொல்வது? காலேஜில் "தங்கள் நிறுவனத்தில் பயிற்சி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று ஒரே வரி அடித்து வைத்திருக்கிறார்கள்.

மூடுபனி தேவிகுளம்:
அந்த ஒரு வரியோடு நீ தனியாக ஒரு பக்கம் சேர்த்து எழுது. தேதி முதல் தேதி வரை. சைக்கியாட்ரி ஓ.பி.யில் இரண்டு வாரம், நெஃப்ராலஜி (சிறுநீரகம்) அல்லது கேன்சர் பிரிவில் இரண்டு வாரம் உடனிருந்து பார்க்க அனுமதி வேண்டும். தனியாக நோயாளியைப் பார்க்க மாட்டேன், நோயாளி விவரம் எதையும் போனில் படமெடுக்கவோ வெளியே கொண்டுபோகவோ மாட்டேன். தமிழ், மலையாளம் பேசவும் எழுதவும் தெரியும். வாரம் ஒரு மணி நேரம் கேஸ் விவாதத்துக்கு ஒருவரை ஒதுக்கித் தர வேண்டும். கடைசி வரியைக் கெஞ்சுகிற மாதிரி எழுதாதே. ஹெச்.ஓ.டி. பிஸியாக இருப்பார், செவ்வாய், புதன் மதியம் போய் நேரில் கொடு. திங்கள் ஓ.பி. கூட்டத்தில் கொண்டுபோய் நீட்டினால் மேஜையிலேயே தொலையும்.

வாளையார் டயாலிசிஸ்:
நெஃப்ராலஜி கேட்கிறாய் என்றால் இதையும் பார். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாயா? நிறைய யூனிட்டில் அது இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். மூன்று டோஸ், முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. அதை முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றால் உன் படிப்பே முடிந்துவிடும், அதனால் இப்போதே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, எத்தனை டோஸ் இருந்தால் விடுவார்கள் என்று லெட்டர் கொடுக்கிற அன்றைக்கே யூனிட் இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டுவிடு. வெள்ளைக் கோட் வேண்டாம், ஐ.டி. கார்டு போதும். செருப்பு வாசலில் மாற்ற வேண்டும்.

கொழிஞ்சை கயல்:
போட்டதில்லை அண்ணா. வெள்ளிக்கிழமை போய் முதல் ஊசி போட்டுக்கொள்கிறேன். லெட்டர் புதன்கிழமை.